17-ஆம் இடம், ஒரு கோப்பை: டாட்டன்ஹாம் 2024-25 கேலி விருதுகள் யாருக்கு?

சேவற்கொடியான்:
பருவம் முடிந்தது, ஊர்வலம் முடிந்தது, பயிற்சியாளரின் வேலையும் முடிந்தது. இங்கிலாந்தின் முதல் நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீகில், 20 அணிகளில் நம் டாட்டன்ஹாமுக்கு 17-ஆம் இடம். கடைசி லீக் ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு ஐரோப்பியக் கழகங்களுக்கான யூரோப்பா லீக் கோப்பை. இப்படிப்பட்ட அணிக்கு முறையான விருது கொடுத்தால் விருதுக்குத்தான் அவமானம். என் பட்டியல் இதோ. ஆட்சேபம் இருப்பவர்கள் கீழே வரிசையில் வரலாம்.

வாக்குத் தவறாதவர் விருது: பயிற்சியாளர் ஆஞ்சி போஸ்டெகோக்லு. 2024 செப்டம்பரில் ஆர்சனலிடம் 0-1 என்று தோற்ற சூட்டோடு சூடாக, இரண்டாம் ஆண்டில் வழக்கமாக அல்ல, எப்போதுமே கோப்பை வெல்வேன் என்று தன் பழைய பேச்சையே திருத்திக்கொண்டார். எட்டு மாதம் ஊரே சிரித்தது. 2025 மே 21 அன்று ஸ்பெயினின் பில்பாவில் நடந்த யூரோப்பா இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வீழ்த்திக் கோப்பையைக் கையில் எடுத்தார். ஜூன் 6 அன்று வேலை போனது.

எட்டாவது வள்ளல் விருது: அணி முழுவதற்கும். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். நாம் கிரிஸ்டல் பேலஸுக்குப் பருவத்தின் முதல் லீக் வெற்றியைக் கொடுத்தோம். இப்ஸ்விச்சையும் நம் மைதானத்துக்கே வரவழைத்து அவர்களுடைய முதல் வெற்றியைக் கொடுத்து அனுப்பினோம். தொடர்ந்து ஏழு லீக் ஆட்டங்களில் தோற்று வந்த லெஸ்டரும் நம் வாசலிலிருந்து வெறுங்கையோடு திரும்பவில்லை.

வழுக்கு மர விருது (வெளியார் பிரிவு): செல்சியின் குகுரேயா. முதல் 11 நிமிடத்துக்குள் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். இரண்டும் நமக்குக் கோல். காலணியை மாற்றிக்கொண்டு வந்தார். ஆட்டம் 3-4 என்று முடிந்தது, தோற்றது நாம். பழைய காலணியைக் குப்பைத் தொட்டியில் போட்டுப் படம் வேறு வெளியிட்டார்.

எள் என்பதற்குள் எண்ணெய் விருது: ஆர்ச்சி கிரே. நடுக்களத்தில் ஆடுவதற்காக லீட்ஸிலிருந்து வாங்கிய 18 வயதுப் பையன். வலது பக்கம் நில் என்றார்கள், நின்றான். நடுத் தற்காப்பில் நில் என்றார்கள், அங்கேயும் நின்றான். கோல்கீப்பர் கையுறையை மட்டும்தான் யாரும் நீட்டவில்லை.

கணக்குப்பிள்ளை:
முதல் விருதுக்கு என் கடும் ஆட்சேபம். 38 ஆட்டம், 38 புள்ளி, 22 தோல்வி. 65 கோல் வாங்கியிருக்கிறோம். கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும்; நமக்குக் கீழே 18-ஆவதாக இருந்த லெஸ்டர் வெறும் 25 புள்ளி எடுத்ததால்தான் இன்னும் முதல் பிரிவில் இருக்கிறோம். அந்த லெஸ்டரிடமும் இப்ஸ்விச்சிடமும் சொந்த மண்ணில் தோற்றவர்கள் நாம். இதை "வள்ளல்" என்று சிரித்துக் கடந்துபோவது உங்களுக்கு எளிது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

வாக்குத் தவறாதவர் என்ற பட்டம் வேண்டாம். "ஒரே பாடத்தில் மட்டும் தேர்ச்சி" என்று கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

ஓல்ட் டிராஃபோர்ட் அடியேன்:
நான் யுனைடெட் ரசிகன். 15-ஆம் இடத்திலிருந்து எழுதுகிறேன், மரியாதையாகப் பேசவும். எங்களுக்கு ஒரு விருதும் இல்லையா?

சேவற்கொடியான்:
உங்களை மறப்போமா? "நான்கு முறை நாடி வந்த நல்விருந்தினர்" விருது உங்களுக்கே. செப்டம்பரில் 0-3, டிசம்பரில் லீக் கோப்பையில் 3-4, பிப்ரவரியில் 0-1, பில்பாவில் 0-1. ஒரு பருவத்தில் நான்கு ஆட்டம், நான்கிலும் தோல்வி. டிசம்பர் ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பர் ஃபோர்ஸ்டர் இரண்டு கோலைத் தட்டில் வைத்து நீட்டினார், அப்போதும் உங்களால் முடியவில்லை. 3-0 என்பது 3-2 ஆகி எங்கள் அடிவயிறு கலங்கியபோது, சோன் அடித்த கார்னர் யார் மீதும் படாமல் நேராக வலைக்குள் போனது.

ஓல்ட் டிராஃபோர்ட் அடியேன்:
அந்தக் கார்னரில் எங்கள் கோல்கீப்பரைத் தள்ளினார்கள். சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

மூட்டுவலி முருகேசன்:
கணக்குப்பிள்ளை ஐயா, காயப்பட்டியலை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? நம் முதன்மைக் கோல்கீப்பர் விகாரியோ கணுக்கால் எலும்பு முறிந்த நிலையில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தை முழுவதும் ஆடி முடித்தார். ஒரு கோலும் விடவில்லை, 4-0 வெற்றி. பிறகுதான் அறுவை சிகிச்சை. ரொமேரோவும் வான் டி வெனும் காயத்திலிருந்து திரும்பியது அந்தச் செல்சி ஆட்டத்தில். அதே ஆட்டத்திலேயே இருவரும் மறுபடி காயத்தோடு வெளியேறினார்கள். கோல்கீப்பரும் இல்லை, இரண்டு நடுத் தற்காப்பு வீரர்களும் இல்லை என்றால் எந்தப் பயிற்சியாளர் என்ன செய்வார்? லிவர்பூலிடம் 3-6 வாங்கியது அந்த நிலையில்தான்.

கணக்குப்பிள்ளை:
காயம் வானத்திலிருந்து விழுந்ததா, முருகேசன்? போஸ்டெகோக்லு தற்காப்பு வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்துகிறார். பந்து பின்னால் விழுந்த ஒவ்வொரு முறையும் வான் டி வென் 40 மீட்டர் திரும்பி ஓட வேண்டும். தொடைத் தசை எத்தனை நாள் தாங்கும்? இரண்டு பேரையும் ஒரே நாளில் அவசரமாகக் களமிறக்கியதும் அவரே. 2023 நவம்பரில் செல்சிக்கு எதிராக ஒன்பது பேரோடு ஆடியபோதும் அந்த வரிசையைக் கீழே இறக்க மாட்டேன் என்று நின்றவர். அன்று 1-4. அது வீரம் என்று கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலின் விலையைத்தான் இந்தப் பருவத்தில் கட்டினோம்.

சேவற்கொடியான்:
அதே மனிதர் பில்பாவில் என்ன செய்தார்? 42-ஆவது நிமிடத்தில் நம் பாப்பே சார் போட்ட பந்து நம் பிரென்னன் ஜான்சனிடம் பட்டதா, யுனைடெட்டின் லூக் ஷாவிடம் பட்டதா என்று யாருக்கும் புரிவதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டது. அழகான கோல் என்று நானே சொல்ல மாட்டேன். அதன் பிறகு மொத்த அணியும் பின்வாங்கிக் கதவைச் சாத்தியது. கடைசியில் ஐந்து தற்காப்பு வீரர்கள். பிடிவாதக்காரர் என்றீர்களே, கோப்பைக்காகத் தன் கொள்கையையே மைதானத்துக்கு வெளியே நிறுத்திவைத்தார்.

68-ஆவது நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். விகாரியோ வெளியே வந்து பந்தைக் கோட்டைவிட்டார். யுனைடெட்டின் ஹோய்லண்ட் தலையால் அனுப்பிய பந்து காலி வலையை நோக்கிப் போகிறது. வான் டி வென் கோலுக்கு முதுகைக் காட்டியபடி துள்ளி, உடல் தரைக்கு இணையாகக் கிடக்க, ஒரு காலை மேலே வீசிக் கோட்டின் மீதே பந்தை வெளியே எடுத்தார். ஆபத்பாந்தவன் விருது அவருக்கு. இதில் வாக்கெடுப்பு கிடையாது.

கணக்குப்பிள்ளை:
வான் டி வென்னுக்கு ஆட்சேபமே இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்கிறேன்: வரிசையை இறக்கி ஆடத் தெரிந்தவர் ஏன் மே மாதம் வரை காத்திருந்தார்?

பீரங்கி வாசல்:
ஆர்சனல் ரசிகன் ஒருவன் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாமா?

சேவற்கொடியான்:
பார்க்கலாம். உங்களுக்குப் பழக்கமானதுதானே.

பில்பாவ் பேருந்து:
பதக்கக் கதையை யாரும் சொல்லவில்லை. மேடையில் பதக்கம் போதவில்லை. ரொமேரோவுக்கும் கேப்டன் சோனுக்கும் அங்கே கிடைக்கவில்லை. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ மன்னிப்புக் கேட்டு, பிறகு உடைமாற்றும் அறையில் கொண்டுபோய்க் கொடுத்தது. இந்தக் கழகம் 2008-க்குப் பிறகு கோப்பையைப் பார்க்கவில்லை. சோன் 2015-இல் வந்து காத்திருந்து, கடைசியில் பந்திக்கு உட்கார்ந்தால் இலை தீர்ந்துவிட்டது என்கிறார்கள்! "பொறுத்தார் பூமி ஆள்வார்" விருது சோனுக்குப் போக வேண்டும்.

மூட்டுவலி முருகேசன்:
வழிமொழிகிறேன். ரொமேரோவுக்கு வேண்டாம், அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதே அவரிடம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
சோனுக்குச் சரி. என் தரப்பில் ஒரு விருது சேர்க்கிறேன்: "மூன்றாம் பருவத்துக்கு முன்பதிவு" விருது. ஊர்வல மேடையில் ஏறி, நல்ல தொலைக்காட்சித் தொடர்களில் எல்லாம் மூன்றாம் பருவம் இரண்டாவதைவிடச் சிறப்பாக இருக்கும் என்று கூட்டத்திடம் சொன்னார் போஸ்டெகோக்லு. கூட்டம் ஆர்ப்பரித்தது. இரண்டு நாளில் சொந்த மைதானத்தில் பிரைட்டனிடம் 1-4. இரண்டு வாரத்தில் தொடரே நிறுத்தப்பட்டது.

சேவற்கொடியான்:
நிறுத்தியது நிர்வாகம், அவர் அல்ல. ஐரோப்பியக் கோப்பை கடைசியாக வந்தது 1984-இல். 41 ஆண்டு கழித்து அதைக் கொண்டுவந்தவரை 16 நாளில் அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

கணக்குப்பிள்ளை:
லீக் எல்லாக் கழகத்துக்கும் பொதுவான நியாயம். வசந்தத்தில் லீகை விட்டுக்கொடுத்து யூரோப்பாவைக் குறிவைத்தோம் என்ற சமாதானம் வேண்டாம். லெஸ்டரிடம் ஜனவரி 26 அன்று தோற்றபோதே 23 ஆட்டத்தில் 13 தோல்வி. அப்போது எதை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தோம்?

பில்பாவ் பேருந்து:
நேரடியாகக் கேட்கிறேன் ஐயா. ஐந்தாம் இடமும் வெறுங்கையுமா, 17-ஆம் இடமும் இந்தக் கோப்பையுமா? எதை எடுப்பீர்கள்?

கணக்குப்பிள்ளை:
கோப்பையைத்தான் எடுப்பேன். அதற்காகப் பயிற்சியாளரையும் சேர்த்து எடுக்கச் சொல்லாதீர்கள்.

ஓல்ட் டிராஃபோர்ட் அடியேன்:
எங்களுக்கு 15-ஆம் இடமும் வெறுங்கையும் கிடைத்தன. அந்தத் தேர்வு உங்கள் பட்டியலிலேயே இல்லை.

சேவற்கொடியான்:
சரி, தீர்ப்பு. வாக்குத் தவறாதவர் விருது போஸ்டெகோக்லுவிடமே இருக்கும். கணக்குப்பிள்ளை ஐயாவின் பிடிவாதத்துக்காகக் கேடயத்தின் முன்பக்கம் "மே 21" என்றும் பின்பக்கம் "22 தோல்வி" என்றும் பொறிக்கப்படும். சோனுக்கும் முன்பதிவுக்கும் அனுமதி.

கணக்குப்பிள்ளை:
22 முன்பக்கம் வர வேண்டும்.

சேவற்கொடியான்:
வராது.

பீரங்கி வாசல்:
கேடயம் அடிக்கிறீர்கள் என்றால் எங்களுக்கும் ஒன்று அடியுங்கள். இரண்டாம் இடம் பிடித்திருக்கிறோம், உங்களைவிட 15 படி மேலே.

சேவற்கொடியான்:
இரண்டாம் இடத்துக்குத் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக வருகிறீர்கள். அதற்கு விருது இல்லை நண்பரே, நிரந்தர முகவரிச் சான்றிதழ் வேண்டுமானால் தருகிறோம்.