ஒட்டாவாவில் தோழியோடு பனிக்காலம்: டிசம்பரில் போவதா, பிப்ரவரியில் போவதா?

கேள்வி (மதுரையிலிருந்து):
கல்லூரி விடுதியில் நான்கு ஆண்டுகள் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி, மணமாகிக் கனடாவின் ஒட்டாவாவில் குடியேறிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. இப்போதுதான் எனக்கு விசா கிடைத்திருக்கிறது. டிசம்பர் 20 முதல் பத்து நாள் விடுப்புக்கும் அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். கொடைக்கானல் குளிருக்கு மேல் எதையும் அறியாத எனக்கு ஒரே ஓர் ஆசை: உறைந்த ரிடோ கால்வாயின் மேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சறுக்கிப் போக வேண்டும். அவளோ, "நீ வந்தால் போதும்" என்கிறாளே தவிர, அது நடக்குமா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள். டிசம்பரில் போகலாமா? உடைகளை இங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டுமா?

மறுமொழி 1 (ஒட்டாவாவிலிருந்து):
கால்வாய்க்காகத்தான் வருகிறீர்கள் என்றால் டிசம்பர் வேண்டாம். பனிக்கட்டி ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் கனத்துக்கு இறுகிய பிறகே அதன்மேல் மக்களை விடுவார்கள். பெரும்பாலும் ஜனவரியில்தான் அது நடக்கும். 7.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சறுக்குப் பாதை, 1970களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் திறக்கப்பட்டு வந்தது. 2022-23 குளிர்காலத்தில்தான் முதன்முறையாக ஒரு நாள்கூடத் திறக்கப்படவில்லை. ஆகவே பிப்ரவரியிலும் யாரும் உறுதி கூற முடியாது, ஆனால் வாய்ப்பு அதிகம். அப்போது 1979 முதல் நடந்துவரும் விண்டர்லூட் பனி விழாவும் இருக்கும். பனிக்கட்டிச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, ஆற்றைக் கடந்து கட்டினோவுக்குப் போனால், குழந்தைகளோடு நாமும் உட்கார்ந்து சறுக்கி இறங்கப் பனியாலேயே சறுக்குமரங்கள் கட்டி வைத்திருப்பார்கள். கால்வாய்க்கு நுழைவுக் கட்டணம் இல்லை. சறுக்குக் காலணிகள் வாடகைக்குக் கிடைக்கும். சறுக்கத் தெரியாதவர்கள் சாதாரணக் காலணியோடு அதன்மேல் நடந்தும் போகலாம். சறுக்கி முடித்ததும், இலவங்கப்பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவிய பீவர்டெயில் என்ற பொரித்த பண்டத்தைச் சூட்டோடு வாங்கி இருவரும் பிய்த்துத் தின்னுங்கள்.

மறுமொழி 2 (ரொறன்ரோவிலிருந்து):
தங்கச்சி, ஊரில் விற்கும் கம்பளிச் சட்டைகளை நம்பிப் பெட்டியை நிரப்ப வேண்டாம். உடலோடு ஒட்டி அணியும் உள்ளுடை பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு அதுவே குளிர்விக்கும். அதன்மேல் ஒரு கம்பளி அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத குளிர்ச்சட்டை. அந்தச் சட்டையைத் தோழியிடமே இரவல் வாங்கலாம். பனிச் சப்பாத்தை மட்டும் அங்கே கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, நான்கு விரல்களும் ஒன்றாக இருக்கும் உறையே வெப்பத்தைக் காக்கும். வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்க்காமல், காற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் குளிரளவையும் கேளுங்கள்; அது சுழியத்துக்குக் கீழே 28ஐத் தாண்டினால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறைந்து போகக்கூடும். கைபேசியை உட்பையில் வையுங்கள், குளிரில் அதன் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும்.

மறுமொழி 3 (ஒட்டாவாவிலிருந்து):
எனக்குச் சற்று மாற்றுக் கருத்து உண்டு. தோழிக்கு எப்போது விடுமுறை என்பதையும் பாருங்கள். டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. நாடாளுமன்றக் குன்றில் விளக்கலங்காரமும் இருக்கும். மாலை நாலரைக்கே இருட்டிவிடுவதால் வெளியே சுற்றுவது குறையும், பேசுவது கூடும். பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை, ஒட்டாவா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் குடும்ப நாள் விடுமுறைதான், ஆனால் நடுவணரசு ஊழியர்களுக்கு அது கிடையாது. இந்த ஊரில் நிறையப் பேர் அங்கேதானே வேலை பார்க்கிறார்கள்! சறுக்கியே ஆக வேண்டுமென்றால், நகர மன்றத்தின் முன்னே இயந்திரத்தால் குளிரூட்டி உறைய வைக்கும் திடல் இருக்கிறது, டிசம்பரிலேயே திறந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நேற்று இரவு அவளை நேரடியாகவே கேட்டுவிட்டேன். கால்வாய் திறக்காது என்று சொன்னால் பயணத்தையே தள்ளிப் போட்டுவிடுவேனோ என்று பயந்துதான் இத்தனை நாள் மழுப்பினாளாம்! அவள் தனியார் நிறுவனத்தில் வேலை செய்வதால் குடும்ப நாள் விடுமுறை அவளுக்கு உண்டு. ஆகவே பிப்ரவரிக்கே மாற்றிக்கொள்கிறேன். ரொறன்ரோ அண்ணாவுக்கு ஒரு கேள்வி: சப்பாத்து போட்டுப் பார்க்கும்போது ஒரு காலுறை அணிந்திருக்க வேண்டுமா, இரண்டா?