அம்மம்மாவின் காசுமாலையில் இருந்த வெனிஸ் காசு: அசலா, உள்ளூர்ப் பிரதியா?

உவர்மலைக்காரி:

வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். அம்மம்மாவின் காசுமாலையில் இருந்து கழற்றிய தங்கக் காசு ஒன்று இருக்கிறது. எடை 3.38 கிராம், விட்டம் 21 மி.மீ., நல்ல மெல்லிசு. ஒரு பக்கம் இரண்டு பேர் நடுவில் ஒரு கொடிக்கம்பு. வலப்பக்கம் இருப்பவர் முழந்தாளில். மறுபக்கம் முட்டை வடிவக் கோட்டுக்குள் ஒருவர் நிற்கிறார், சுற்றிலும் நட்சத்திரங்கள். விளிம்பில் வளையம் வெட்டிய இடத்தில், அதை ஒட்டிய பற்றாசு (உருக்கி ஒட்டும் உலோகம்) திட்டாக நிற்கிறது. நகைக்கடையில் உருக்கும் விலைதான் தருவோம் என்கிறார்கள். சேகரிப்பவர்களிடம் வேறு மதிப்பு இருக்குமா? வெளிநாட்டுக்கு அனுப்பித் தரச்சான்று எடுக்கலாமா? துப்புரவாக்கிவிட்டுப் படம் போடவா?

சில்லறைப்பெட்டி:

அக்கா, முதல் வேலையாக அந்தத் துப்புரவாக்கும் யோசனையை விடுங்கள். புளி, பூந்திக்கொட்டை, பல் தூரிகை, பத்தரின் அமிலம் எதுவும் வேண்டாம். தங்கம் மென்மையானது, ஒரு தேய்ப்பிலேயே மயிர்க்கோடுகள் விழும், அதைத் திரும்ப மறைக்க வழியே இல்லை. உரைகல்லில் உரசவும் விடாதீர்கள். இவ்வளவு மெல்லிய காசின் விளிம்பில் உரசிய இடம் தட்டையாகத் தெரியும்.

நீங்கள் சொல்வது டுக்காட் என்ற வெனிஸ் தங்கக் காசின் உருவம். 1284இல் வெனிஸ் குடியரசு இதை அடிக்கத் தீர்மானித்தது. 1797இல் குடியரசு விழும்வரை உருவத்தைப் பெரிதாக மாற்றவில்லை. நிற்பவர் புனித மாற்கு, முழந்தாளில் இருப்பவர் ஆட்சித் தலைவரான டோஜ், மறுபக்கம் கிறிஸ்து. அசலின் எடை ஏறக்குறைய 3.5 கிராம், தங்கம் ஆயிரத்துக்கு 997. கிழக்கு நாட்டு வணிகத்தில் இந்தக் காசுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததால் தென்னிந்தியப் பக்கம் இதே உருவத்தில் ஏராளமான பிரதிகளை அடித்து மாலைகளில் கோத்தார்கள். ஆகவே உங்கள் கேள்விக்கு விடை எழுத்தில்தான் இருக்கிறது.

10 மடங்கு உருப்பெருக்கியை எடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துப் பாருங்கள். மாற்குவின் பின்னால், இடது ஓரத்தில், மேலிருந்து கீழாக 'எஸ் எம் வெனெட்' என்று லத்தீன் எழுத்துகள் ஓட வேண்டும். கொடிக்கம்பை ஒட்டி டி, வி, எக்ஸ் என மூன்று எழுத்து. வலது ஓரத்தில் டோஜின் பெயர்: அதை வாசித்தால் ஆண்டு கிடைத்துவிடும். பாவ்லோ ரெனியர் என்றால் 1779–1789, லுடோவிகோ மனின் என்றால் 1789–1797. மனின்தான் கடைசி டோஜ்; அவருடைய காசு அடிக்கடி கண்ணில் படும், அரிதல்ல. பிரதிகளில் இந்த எழுத்துகள் வெறும் குச்சிகளும் வளையங்களுமாகச் சிதைந்திருக்கும். முகம் புள்ளிகளாக, ஆடை மடிப்பு சமாந்தரக் கோடுகளாக மாறியிருக்கும். எழுத்துத் தெரியாத கை, பார்த்ததைப் பார்த்தபடி அச்சில் வெட்டியதன் விளைவு அது.

எழுத்து மங்கலாக இருப்பது வேறு, சிதைந்திருப்பது வேறு. அசலிலும் அடி சரியாக விழாமல் பாதி எழுத்து காணாமல் போயிருக்கும். ஆனால் மிஞ்சியது முறையான எழுத்தாக இருக்கும்.

பத்தர்கடை:

எடையும் எழுத்தும் பார்த்த பிறகு சாரடர்த்தி எடுங்கள், அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு. மூன்று தசமத் தராசு வேண்டும், அதாவது 0.001 கிராம். காரணம் சொல்கிறேன். 3.49 கிராம் அசல் காசு இடம்பெயர்க்கும் நீர் 0.181 கிராம். அதே எடையில் 22 கரட் என்றால் 0.197. வித்தியாசம் 0.016 மட்டுமே, இரண்டு தசமத் தராசு அதில் தடுமாறும். முலாம் பூசிய பித்தளையென்றால் 0.41 வரும், அதைப் பிடிக்க எந்தத் தராசும் போதும்.

சின்னக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் விட்டு, தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். மெல்லிய நைலோன் நூலில் காசைக் கட்டி முழுவதும் அமிழ்த்துங்கள், அடியிலும் பக்கத்திலும் முட்டக் கூடாது. தராசு காட்டுவதுதான் இடம்பெயர்ந்த நீரின் எடை. வறண்ட எடையை அதால் வகுத்தால் சாரடர்த்தி. தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் குமிழி ஒட்டாது; 0.01 மி.லீ. குமிழி ஒட்டினாலே கணக்கு 5 சதவீதம் பிசகும், 24 கரட் காசு மட்டமானதாகத் தெரியும். உங்கள் காசில் பற்றாசும் கொஞ்சம் கீழே இழுக்கும்.

எக்ஸ் கதிரால் உலோகக் கலவையைப் படிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். மெஷின் கொழும்பு செட்டியார் தெருவில் கிடைக்கும். இரண்டு பக்கமும் நடுவில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பற்றாசுப் பக்கம் போகக் கூடாது. அது மேற்தோலை மட்டும்தான் படிக்கும் என்பதால் சாரடர்த்தியோடு ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

நிலாவெளிக்கரை:

அனுப்புகிற விஷயம் கவனம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியது தொல்பொருள். தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது, தபாலும் அதில் அடக்கம். தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்புவதும் ஏற்றுமதிதான். குடும்ப நகையில் இருந்தது என்பதற்கு பழைய படம், நகைப் பட்டியல் ஏதும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். காணியிலோ கடற்கரையிலோ கிண்டி எடுத்த காசு என்றால் கதை வேறு, உடனே திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ அறிவிக்க வேண்டும்.

உவர்மலைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. வறண்ட எடை 3.382, தண்ணீரில் 0.191 காட்டியது. மெஷினில் தங்கம் 91, வெள்ளி 6, செம்பு 3. இடது ஓரத்தில் எழுத்துப் போலக் குச்சிகள்தான். கம்பின் பக்கம் மூன்று கோடு. ஒரு எழுத்தும் வாசிக்க முடியவில்லை.

சில்லறைப்பெட்டி:

3.382ஐ 0.191ஆல் வகுத்தால் 17.7. அந்தக் கலவைக்குக் கணக்குப்படி 17.8 வரும், ஆகவே உள்ளேயும் வெளியேயும் ஒரே உலோகம், முலாம் இல்லை. எழுத்து, எடை, கரட் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன: இது உள்ளூர்ப் பிரதி.

விலைக்கு அடித்தளம் இப்படி: 3.382இல் 91 சதவீதம் 3.08 கிராம் தூய தங்கம், 8 கிராம் பவுண் கணக்கில் 0.385 பவுண். அன்றைய 24 கரட் பவுண் விலையை இதால் பெருக்குங்கள். அதற்குக் குறைய யாருக்கும் கொடுக்காதீர்கள். இந்தப் பிரதிகளையே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அதற்கு மேல் தருவார்கள். ஆனால் அசல் டுக்காட் விலையை எதிர்பார்க்க வேண்டாம், வளையம் வெட்டிய தடமும் குறைக்கும். பற்றாசை அரம் போட்டு எடுக்காதீர்கள், அரத்தின் தடம் பற்றாசை விட மோசம். மாலையில் மீதிக் காசுகள் இருக்கின்றனவா? இருந்தால் உருக்கிவிட முன் ஒவ்வொன்றின் இடது ஓரத்தையும் பாருங்கள், பிரதிகளுக்கு நடுவே அசல் ஒன்று கோத்திருக்க இடமுண்டு. காலம் தெரியாத பிரதி என்பதால் நிலாவெளிக்கரை சொன்ன அனுமதி விஷயத்தைத் திணைக்களத்திடமே கேட்டுவிடுங்கள். படம் போடும்போது விளிம்பையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், அக்கா.