பெரிய ஷவர் மாட்டியும் தண்ணீர் நூல் நூலாக வருகிறது, ஹீட்டர் எரிந்து அணைகிறது

சிப்புட் அக்கா:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பழைய தாமான் (குடியிருப்பு) வீட்டின் குளியலறையைப் புதுப்பித்தோம். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து (தோட்ட வரிசை வீடுகளின்) பொதுக்குழாயில் வாளி பிடித்துக் குளித்தே அவர் காலம் போய்விட்டது. இப்போதாவது சொகுசாகக் குளிக்கட்டும் என்று தலைக்கு மேல் பெரிய மழை ஷவர், கை ஷவர், 3.6 கிலோவாட் உடனடி ஹீட்டர், உட்காரத் திண்டு எல்லாம் வைத்தோம். ஆனால் பெரிய ஷவரில் ஓரத்தில் மட்டும் தண்ணீர் வழிகிறது. ஹீட்டர் விளக்கும் எரிந்து எரிந்து அணைகிறது. தொட்டி சீலிங்குக்கு மேலேதான். எதை மாற்றுவது?

ஈப்போ தம்பி:
எதையும் மாற்றாதீர்கள் அக்கா. மெயின் சுவிட்சையும் தண்ணீரையும் அடைத்துவிட்டு, ஹீட்டரில் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சிறு சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். வீட்டு வேலை முடிந்த கையோடு சிமெண்ட் தூள், மணல் எல்லாம் அங்கேதான் போய் அடைக்கும்.

குழாய் அண்ணன்:
தம்பி சொன்னதை முதலில் செய்யுங்கள். ஆனால் அதோடு முடியாது. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். சீலிங் தொட்டி ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் 0.2 பார்தான். அகலமான ஷவர் அதில் நிறையாது. ஓட்டம் மிகக் குறைந்தால் ஹீட்டரே தன்னை அணைத்துக்கொள்ளும், அது பாதுகாப்புக்காக.

தொட்டிக்குப் பிறகு ஒரு பம்ப் வைக்கலாம். தெருக் குழாயில் நேரடியாகப் பம்ப் மாட்டக் கூடாது. ஆனால் பம்ப் வைத்தால் அடுத்த சிக்கல் வரும், அதைப் பலர் யோசிப்பதில்லை. 3.6 கிலோவாட் ஹீட்டர், நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் சுமார் 13 டிகிரி சூடேற்றும். மழை ஷவர் 9 லிட்டர் இழுத்தால் 6 டிகிரிகூட ஏறாது. மழை பெய்த விடியற்காலையில் அம்மாவுக்கு அது பச்சைத் தண்ணீர்தான். அதனால் வெந்நீர் கை ஷவருக்கு மட்டும், பெரிய ஷவருக்குப் பச்சைத் தண்ணீர் என்று பிரித்துவிடுங்கள். பெரிய ஷவரிலும் வெந்நீர் வேண்டுமென்றால் 30 லிட்டர் சேமிப்பு ஹீட்டர் வேண்டும். 60 டிகிரி நீரைக் கலந்தால் இதமான தண்ணீர் சுமார் 80 லிட்டர் கிடைக்கும். அதற்குச் சாதாரண பிவிசி குழாய் தாங்காது, வெந்நீர்க் குழாய் போட வேண்டும்.

வயர்மேன் மாமா:
ஹீட்டருக்குத் தனி லைன், 20 ஆம்பியர் இரட்டைத் துருவ சுவிட்ச், 10 மில்லியாம்பியர் கசிவு மின் துண்டிப்பான், நல்ல எர்த். உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள், சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரையையும் பாருங்கள். ஈரத்தில் நிற்பவர் அம்மா, இதில் சிக்கனம் வேண்டாம்.

சிப்புட் அக்கா:
சல்லடையில் சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது! கழுவியபின் கை ஷவரில் வெந்நீர் நிற்காமல் வருகிறது, அம்மா திண்டில் உட்கார்ந்து நிதானமாகக் குளித்தார். பெரிய ஷவருக்குப் பம்ப் வைத்தால் சத்தம் வருமா? அம்மாவின் அறை பக்கத்தில்தான்.

குழாய் அண்ணன்:
வரும். சீலிங் கட்டைமேல் வைக்காமல், சமையலறைப் பக்கத் தரையில் ரப்பர் அடித்தட்டு போட்டு வையுங்கள். பம்பை ஒட்டிய ஒரு அடிக்குக் கம்பி பின்னிய, வளையும் ஓஸ் கொடுங்கள், அதிர்வு சுவருக்கு ஏறாது. அப்புறம், அம்மா எழுந்திருக்கப் பிடிமானக் கம்பி வைத்தீர்களா? டைலோடு நிறுத்தாமல், செங்கல்வரை துளையிட்டு மாட்டச் சொல்லுங்கள்.