நெல்லை–நாகர்கோவில் பஸ்ல தினமும் போட எந்த ஹெட்போன்: சோனி எக்ஸ்எம்4ஆ, போஸ் கியூசி45ஆ, சென்ஹைசர் மொமெண்டம் 4ஆ?

பேட்டைக்காரன்:
தினமும் நாகர்கோவில் பஸ். ஏசி கிடையாது, ஜன்னல் திறந்தேதான் கிடக்கும். கண்ணாடி போடுவேன். போன் ஆண்ட்ராய்டு. கேக்கது பெரும்பாலும் வில்லுப்பாட்டு, நாதஸ்வரக் கச்சேரி. எதுல இரைச்சல் நல்லா அடங்கும், எது நம்ம வேர்வைக்குத் தாங்கும்?

பொதிகை ஒலி:
அண்ணாச்சி, மாடலை விடுங்க, முதல்ல உங்க கண்ணாடியைப் பாருங்க. காதுல மாட்டுற கம்பி தடியா இருந்தா குஷனுக்கும் கன்னத்துக்கும் நடுவுல சந்து விழும். அந்தச் சந்து வழியா முதல்ல போறது பேஸ், அதாவது தாழ்ந்த சத்தம். இரைச்சல் அடக்குறதும் பெரும்பாலும் அதே கீழ் சுருதிலதான் நடக்குது, அதனால ரெண்டும் சேர்ந்தே போயிரும்.

கடையிலயே சோதிச்சிரலாம். கண்ணாடியோட போட்டு, பேஸ் நல்லா இருக்க பாட்டை ஓட விட்டு, ரெண்டு கப்பையும் கையால லேசா அமுக்குங்க. அமுக்கும்போது பேஸ் கூடுச்சுன்னா சந்து இருக்குன்னு அர்த்தம். அதை வாங்காதீங்க, இல்லன்னா மெல்லிசு கம்பி ஃப்ரேமுக்கு மாறுங்க. எக்ஸ்எம்4 வாங்கினா, ஆப்ல உள்ள ஆப்டிமைசரைக் கண்ணாடியைக் கழட்டாமலே ஓட்டணும். நீங்க போட்டிருக்க விதத்தை அளந்துதான் அது சரி பண்ணும்.

இன்னொண்ணு, ஏர் ஹாரன் அடங்கும்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. 100 ஹெர்ட்ஸ் எஞ்சின் உறுமலோட அலைநீளம் 3.4 மீட்டர். அதை அடக்க ஹெட்போன் விடுற எதிர் அலை ஒரு துளி பிந்தினாலும் பெருசா கெடாது. 2000 ஹெர்ட்ஸ்ல அலைநீளம் 17 சென்டிமீட்டர்தான். அங்க அந்தத் துளி தாமதமே கணக்கைக் கவுத்துரும். கண்டக்டர் விசில், பக்கத்து சீட்டுப் பேச்சு இதெல்லாம் குஷன் தடுக்கிற அளவுக்குத்தான் குறையும்.

ஜன்னல் சீட்டும் வேண்டாம். ஆரல்வாய்மொழி தாண்டும்போது காத்து நேரா வெளி மைக்ல அறையும், காதுக்குள்ள குபுகுபுன்னு கேக்கும். சோனி ஆப்ல காத்திரைச்சலைக் குறைக்கிற வசதி இருக்கு. ஆனா அதைப் போட்டா எஞ்சின் சத்தம் கொஞ்சம் மேல வரும்.

கட்டைசுருதி:
வில்லுப்பாட்டுன்னா நான் எக்ஸ்எம்4தான் சொல்லுவேன், ஆனா வாங்கினபடியே கேக்கக் கூடாது. பேஸ் வீங்கி இருக்கும். குடத்துச் சத்தம் பொம்முன்னு பரவி உடுக்கையை முழுங்கிரும். ஆப்ல கிளியர் பேஸை மைனஸ் 3, 400 ஹெர்ட்ஸை மைனஸ் 2, 2.5 கிலோஹெர்ட்ஸைப் பிளஸ் 1 வச்சுப் பாருங்க. வில்லு மணி தனியா வந்து நிக்கும். நாதஸ்வரத்துக்கு அந்த 2.5ஐத் திரும்ப சுழிக்கே கொண்டு வந்திரணும், இல்லன்னா காதைக் குத்தும். கியூசி45ல பேஸ், மிட், டிரெபிள் மூணுதான், இவ்வளவு நுணுக்கமாத் திருத்த முடியாது. மொமெண்டம் 4 சத்தத்துல நல்ல சரக்கு, 60 மணி நேரம் சார்ஜும் நிக்கும். எடை 293 கிராம், எக்ஸ்எம்4 254தான்.

எக்ஸ்எம்4ல எல்டாக்னு, புளூடூத்துல பாட்டை நல்ல தரத்துல அனுப்புற முறை ஒண்ணு உண்டு. அதை 990 கிலோபிட்லதான் ஓட்டணும்னு பிடிவாதம் வேண்டாம். வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப் கூட்டத்துல விட்டு விட்டுக் கேக்கும். போனோட டெவலப்பர் ஆப்ஷன்ல 660 வச்சாப் போதும். எக்ஸ்எம்4ல ரெண்டு போனை ஒரே நேரத்துல இணைச்சா எல்டாக் போயிரும், அதையும் பாத்துக்கிடுங்க. நாம பேசினா பாட்டை நிறுத்துற ஸ்பீக் டு சாட்டை அணைச்சிருங்க, இருமினாக்கூட பாட்டு நிக்கும். டிக்கெட் வாங்க வலது கப்பை உள்ளங்கையால மூடினாலே போதும், பாட்டு தணிஞ்சு வெளிச்சத்தம் உள்ள வரும்.

ஆத்தங்கரை:
வேர்வையைப் பத்தி ஒருத்தரும் சரியாச் சொல்லலியே. தண்ணி, தூசி எவ்வளவு தாங்கும்னு சொல்ற ஐபி ரேட்டிங் இந்த மூணுக்கும் கிடையாது. எக்ஸ்எம்4, மொமெண்டம் ரெண்டும் தொடுபலகை, ஈர விரலுக்குச் சொன்னபடி கேக்காது. கியூசி45ல நிஜப் பட்டன். எடையும் சுமார் 240 கிராம், இறுக்கமும் கம்மி. நம்ம வெயிலுக்கு என் ஓட்டு அதுக்குத்தான். சத்தம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா என்ன, தலையில நிக்கணும்லா?

குஷன் உரியதுக்கு வேர்வை மட்டும் காரணம் இல்ல, தலை எண்ணெயும்தான். எண்ணெய் தேச்ச அன்னைக்குப் போடாதீங்க. இறங்கினதும் காஞ்ச பருத்தித் துணியால ஒத்தி எடுங்க. சானிடைசர், ஸ்பிரிட் ஆகவே ஆகாது, மேல்தோல் வெடிச்சிரும். வேர்வையோட பெட்டிக்குள்ள போட்டு ஜிப்பை மூடுனா நாத்தமும் பூஞ்சையும்தான் மிச்சம். அரை மணி நேரம் நிழல்ல வச்சுட்டு மூடுங்க.

பேட்டைக்காரன்:
வெல்வெட் குஷன் மாத்தினா வேர்க்காதுன்னு ஜங்ஷன் கடையில சொல்லுதாவ?

பொதிகை ஒலி:
வேர்வை குறையும், சரிதான். ஆனா துணி வழியா காத்து கசிஞ்சு பேஸும் போகும், அடக்கமும் போகும். கனம் வேற மாறிச்சுன்னா காதுக்கும் உள் மைக்குக்கும் உள்ள தூரம் மாறி, கப்பை அமுக்கும்போது கீய்ங்னு கத்தவும் செய்யும். அதே கனத்துல, அதே மாதிரி தோல் குஷனாக் கேட்டு வாங்குங்க. மாட்டும்போது சுத்தி உள்ள கிளிப் ஒவ்வொண்ணும் டிக்குன்னு விழணும். ஒண்ணு விழாம இருந்தாலும் முதல்ல சொன்ன அதே சந்துதான்.