அப்பாவோட வி.இ.பி (கண்ணு பாக்கறப்ப மூளைல வர்ற மின் அலைய அளக்குற டெஸ்ட்) ரிப்போர்ட்ல அலை தப்பான பக்கம் பெருசா இருந்துச்சு, உங்க யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

மதுரைக்காரன்:
அப்பாவுக்கு போன வருஷம் ஸ்ட்ரோக், மூளையோட பின்பக்கம், வலது சைடு. அதுலேர்ந்து ரெண்டு கண்ணுலயும் இடது பாதி தெரியல. தட்டுல இடது பக்கம் வெச்ச பொரியல் அப்படியே கிடக்கும், நாங்க தட்டை திருப்பி வெச்சாத்தான் சாப்பிடுவார். போன வாரம் வி.இ.பி டெஸ்ட் எடுத்தோம். பின்மண்டைல நடுவுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு, முன்னாடி ஒண்ணுன்னு பேஸ்ட் தடவி வயர் ஒட்டி, ஒரு ஒரு கண்ணா மூடிட்டு ஸ்கிரீன்ல கறுப்பு வெள்ளை கட்டம் மாறி மாறி வர்றத பாக்கச் சொன்னாங்க. ரிப்போர்ட்ல வலது பக்க வயர்ல அலை நல்லா பெருசா இருக்கு, இடது பக்கம் ரொம்ப சின்னது. அடிபட்டது வலது, அப்போ நல்லா இருந்த இடதும் போச்சான்னு ராத்திரி பூரா தூங்கல.

இ.இ.ஜி அக்கா:
தம்பி பயப்படாதீங்க, நான் பன்னெண்டு வருஷமா இந்த டெஸ்ட் எடுக்குறேன். வேலைக்கு சேர்ந்த புதுசுல இதே மாதிரி ஒரு பேஷண்ட்டுக்கு வந்தப்ப வயரை மாத்தி ஒட்டிட்டேன்னு நெனச்சு எல்லாத்தையும் கழட்டி திரும்ப ஒட்டி எடுத்தேன், அப்பவும் அதேதான். விஷயம் என்னன்னா, கட்டம் மாறி சுமார் 100 மில்லிசெகண்ட்ல வர்ற பெரிய அலைய பி100னு சொல்வோம். அத உண்டாக்குற செல்லுங்க மண்டையோட்ட ஒட்டி இல்ல, ரெண்டு பாதி மூளையும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருக்குமே, அந்த உள்சுவர்ல, மடிப்புக்குள்ள இருக்கு. இடது மூளையோட உள்சுவர் வலது பக்கம் பாத்த மாதிரி இருக்கறதால அதோட மின்சாரம் வலது பக்க வயர்லதான் பெருசா விழும். லண்டன்ல பேரட், ப்ளம்ஹார்ட், ஹாலிடே இவங்கல்லாம் இருந்த ஆராய்ச்சிக் குழு 1976ல இதை எழுதினப்ப 'முரண்'னே பேர் வெச்சாங்க. அதனால நீங்க பாத்த பெரிய அலை அப்பாவோட நல்லா இருக்குற இடது மூளை அனுப்பினது. ஒண்ணு மட்டும் பாருங்க, எந்தக் கண்ண மூடினாலும் அதே பக்கம்தானே பெருசு?

மதுரைக்காரன்:
ஆமாக்கா, ரெண்டு கண்ணுக்கும் வலது பக்கம்தான்.

இ.இ.ஜி அக்கா:
அப்போ சரியா பொருந்துது, கண்ணுலேர்ந்து வர்ற நரம்புல பாதி குறுக்க மாறுற இடத்துக்கு அப்புறம்தான் அடி. இருந்தாலும் ரிப்போர்ட்டையும் ஸ்கேனையும் சேத்து டாக்டர்கிட்ட காட்டிருங்க, நான் சொன்னத மட்டும் வெச்சு விட்றாதீங்க.

குட்டிம்மாவோட அம்மா:
அக்கா எங்களுக்கு இதுக்கு நேர்மாறு. என் பொண்ணுக்கு ஆல்பினிசம், பிறவியிலேயே நிறமி குறைவு, முடியெல்லாம் வெள்ளை, கண்ணு ஆடிக்கிட்டே இருக்கும். சாதாரணமா ஒரு கண்ணுலேர்ந்து வர்ற நரம்புல ஏறக்குறைய பாதிதான் குறுக்க எதிர்ப்பக்க மூளைக்குப் போகுமாம், இவளுக்கு அதிகமா போகுது. கண்ணு ஆடுறதால கட்டம் இடம் மாறுற டெஸ்ட் சரிப்படாதுன்னு சாம்பல் ஸ்கிரீன்ல கட்டம் தோணி மறையுற மாதிரி வெச்சு எடுத்தாங்க. ஒரு கண்ண மூடினா ஒரு பக்கம் பெருசு, மறு கண்ண மூடினா அப்படியே பக்கம் மாறிடுச்சு. ரெண்டு வருஷமா எத்தனையோ பேர் கண்ணாடி மட்டும் எழுதிக் குடுத்து அனுப்பினாங்க, அந்த ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு டாக்டர் காட்டினப்பதான் பிள்ளைக்கு என்னன்னே புரிஞ்சுது, அங்கயே அழுதுட்டேன்.

மதுரைக்காரன்:
இன்னிக்கு டாக்டர பாத்தாச்சு, அக்கா சொன்னதையேதான் சொன்னார், இடது மூளைக்கு ஒண்ணும் இல்ல. பேப்பர் படிக்கறப்ப இடது ஓரத்துல சிவப்பு டேப் ஒட்டி, அது கண்ணுல படுற வரைக்கும் தலைய திருப்பச் சொல்லிருக்காங்க. சாயங்காலம் அப்பா ஒரு செய்தி முழுசா படிச்சார்க்கா.