புதுப்பிப்பு: பழைய டெர்மினலில் தாய விளையாட்டுக்கு நிறம் வந்துவிட்டது

மாங்குளத்தில் எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகளுக்காகச் சி நிரல் மொழியில், டெர்மினலில் (எழுத்துகளை மட்டும் காட்டும் திரை) ஓடும்படி எழுதிய தாய விளையாட்டில், நாலு பேரின் காய்களுக்கும் நிறம் கொடுப்பது எப்படி என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

சரிவந்தது வவுனியா அண்ணை சொன்ன வழிதான். நிறத்தை மாற்றச் சொல்லும் எஸ்கேப் குறிகளை நேரே அச்சிடுவதை விட்டு, திரையைக் கையாளும் நிரல் தொகுப்பான என்கர்சஸுக்கு (ncurses) மாறினேன். முதலில் நிறம் வருமா என்று ஹேஸ்_கலர்ஸ் மூலம் கேட்டு, ஆம் என்றால் நிறத்தைத் தொடங்க ஸ்டார்ட்_கலர், அப்புறம் எழுத்து, பின்னணி நிறச் சோடிகளை அமைக்க இனிட்_பேர். முன்பு சி மொழியின் அச்சிடும் கட்டளையான பிரிண்ட்எஃப் கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் அகலத்தில் எண்ணியதால் கட்டங்கள் கோணலாக வந்தன. இப்போது நேராக நிற்கின்றன.

எதிர்பாராதது: எந்த வகை டெர்மினல் என்று நிரலுக்குச் சொல்லும் டெர்ம் (TERM) மாறியில் வீடி100 என்று இருந்தால் நிறமே வராது. 1978இல் வந்த அந்த டெர்மினல் ஒற்றை நிறம். அதற்காக, ஆடுபவரின் காயை ஏ_ரிவர்ஸால் தலைகீழ் வெளிச்சத்தில் (எழுத்து நிறமும் பின்னணி நிறமும் இடம்மாறி) காட்டி, ஆளுக்கொரு எழுத்தும் கொடுத்தேன். ஒரு பிள்ளைக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவது கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது; ஆகவே நிறத்திரையிலும் எழுத்துகளை எடுக்கவில்லை.

லினக்ஸ் கன்சோலில் (சாளரங்கள் இல்லாத முழுத்திரை டெர்மினல்) மஞ்சள் பழுப்பாகத் தெரிந்தால், நிறத்தைப் பளிச்சென்று காட்டும் ஏ_போல்ட் சேருங்கள். வெளியேறும்போது, திரையைப் பழைய நிலைக்குத் திருப்பும் எண்ட்வின்னை அழைக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் திரை குழம்பியே கிடக்கும்.