'ஐவரி டவர்': கூப்பர் யூனியனுக்கு மட்டும்தான் கண்ணீரா?

காவிரிக்கரையான்:
ஆண்ட்ரூ ரோஸியின் 'ஐவரி டவர்' (2014) ஆவணப்படத்தை நேற்றுதான் பார்த்தேன். அமெரிக்கக் கல்லூரிக் கட்டணம் ஏன் இப்படி எகிறியது என்பது கேள்வி. கேமரா போவது ஹார்வர்டுக்கு. அப்புறம் பாலைவனத்து டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரிக்கு (மொத்த மாணவர்களை ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம்). கடைசியில் நியூயார்க் கூப்பர் யூனியனில் போய் உட்கார்ந்துவிடுகிறது. மாநிலப் பல்கலையிலும் சமுதாயக் கல்லூரியிலும் படிக்கிற பெருங்கூட்டம் ஓரமாக வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறது.

தையல்நாயகி:
அங்கே உட்கார்ந்ததுதான் படத்தின் பலம். 1859-இல் தொடங்கிய கல்லூரி, தலைமுறை தலைமுறையாகக் கட்டணம் வாங்காமல் படிக்கவைத்த இடம். 2006-இல் கிரைஸ்லர் கட்டடம் நிற்கிற தன் சொந்த நிலத்தை அடகு வைத்து 17.5 கோடி டாலர் கடன், பளபளவென்று ஒரு புதுக் கட்டடம், 2013-இல் 'இனி கட்டணம்' என்ற அறிவிப்பு. பிள்ளைகள் தலைவர் அறைக்குள் புகுந்து 65 நாள் நகரவில்லை. கடன் எப்படிக் கட்டணமாக மாறுகிறது என்பதை இதைவிடக் கண்முன்னே காட்ட முடியுமா?

காவிரிக்கரையான்:
அப்படியென்றால் ஒரு நிர்வாகக் குழுவுக்குப் புத்தி கெட்டதுதான் காரணம் என்றாகிவிடுமே. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு மாநிலங்கள் மானியத்தை வெட்டின, அந்தப் பள்ளம் மாணவர் தலையில் விடிந்தது. ஸ்டீவ் மிம்ஸின் 'ஸ்டார்விங் தி பீஸ்ட்' (2016) பாருங்கள். படிப்பு ஊர்ச்சொத்தா, அவரவர் காசு கொடுத்து வாங்குகிற சரக்கா என்ற சண்டையே அந்தப் படம்.

அரைத்தூக்கம்:
பார்த்தேன் சார். ஆள் மாற்றி ஆள் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பாதியில் கண் அசந்துவிட்டது.

தையல்நாயகி:
😂 அதைத்தான் சொல்கிறேன். காவிரி சார், 'ஐவரி டவரில்' சான் ஹோசே பகுதியை மறந்துவிட்டீர்களா? அது மாநிலப் பல்கலைதானே. 2013-இல் யுடாசிட்டி என்ற இணையப் படிப்பு நிறுவனத்தோடு சேர்ந்து 150 டாலருக்கு இணைய வகுப்பு நடத்தினார்கள். தேர்ச்சி படுமோசம், அந்த ஜூலையிலேயே நிறுத்திவைத்தார்கள்.

காவிரிக்கரையான்:
சரி, அது என் மறதி. நல்ல பகுதிதான். ஆனால் லாபத்துக்கு நடத்தும் கல்லூரிகள்? 'ஃபெயில் ஸ்டேட்' ஆவணப்படம் அதைத்தான் தோண்டுகிறது. அங்கே ஒரு விதி: வருமானத்தில் 90 சதவீதம் வரைதான் மத்திய அரசின் மாணவர் உதவிப் பணமாக இருக்கலாம். முன்னாள் படைவீரர்களுக்கு அரசு தரும் படிப்புப் பணம் அப்போது அந்தக் கணக்கில் சேரவில்லை. விடுவார்களா? படைவீரர்களைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் சட்டம் வந்ததே 2021-இல்தான். அதற்குள் இப்படி லாபத்துக்கு நடந்த கொரிந்தியன் 2015-இலும் ஐடிடி 2016-இலும் கடையைச் சாத்திவிட்டன, படித்துக்கொண்டிருந்தவர்கள் கையில் கடன் மட்டும் மிச்சம்.

தையல்நாயகி:
இந்த அநியாயம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் ஒரே படம் எல்லாப் பாரத்தையும் சுமக்க வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். 2018-இல் கூப்பர் யூனியன் பத்து ஆண்டில் பழையபடி இலவசத்துக்குத் திரும்பத் திட்டம் போட்டது. விடாமல் கத்தியவர்கள் இல்லாமல் அது நடந்திருக்குமா?

அரைத்தூக்கம்:
காவிரி சார், 'ஃபெயில் ஸ்டேட்டிலும்' நாற்காலிதானா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

காவிரிக்கரையான்:
நாற்காலி உண்டு தம்பி. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.